யூனிட் கன்வெர்ஷன் ஆப்: செய்வதும் செய்ததைக் காட்டுவதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கேரள-தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஜனவரி பிறந்துவிட்டால் வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோபாலபுரம், அந்தப் பக்கம் பொள்ளாச்சி என்று எல்லைக்கு இரண்டு பக்கமிருந்தும் புராஜெக்ட் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். பாதிப் பேர் கையில் இதே தலைப்புதான் இருக்கும். கேள்விகளும் வருடா வருடம் அதே கேள்விகள்தான். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது, கீழே இருப்பவை மேலே சொன்னதை நம்பி நிற்கின்றன.

ஏனுங்க சார், இந்த ஆப் அப்படி என்னதான் பண்ணும்? கால்குலேட்டர்லயே பெருக்கிக்கலாமே?

பெருக்கிக்கொள்ளலாம், எந்த எண்ணால் பெருக்குவது என்று தெரிந்திருந்தால். பத்து சென்ட் எத்தனை சதுர அடி, மூன்று பவன் எத்தனை கிராம், காய்ச்சல் 101 என்றால் செல்சியஸில் எவ்வளவு என்று கேட்பவருக்கு அந்த எண் நினைவில் இருக்காது. ஆப் அதை நினைவில் வைத்துக்கொள்கிறது. ஒரு பெட்டியில் அளவு, எந்த அலகிலிருந்து எந்த அலகுக்கு என்று இரண்டு தேர்வு, கீழே விடை. வேலை இவ்வளவுதான்.

கூகுள்ல அடிச்சாலே வந்துடுது. இதைப் போயி புராஜெக்ட்னு காட்டினா சிரிக்க மாட்டாங்களா?

உலகத்தில் உள்ள எல்லா அலகையும் திணித்து, கூகுளுக்குப் போட்டியாக நிறுத்தினால் சிரிப்பார்கள். யாருக்காகச் செய்தீர்கள் என்று ஒரு ஆளைக் கை காட்டிச் சொன்னால் சிரிக்க மாட்டார்கள்.

நம் ஊரையே பாருங்கள். நிலத்தைச் சென்ட்டில் பேசுகிறோம். கேரளப் பத்திரத்தில் அது ஆர் என்று எழுதியிருக்கும். ஐந்து கிலோமீட்டர் கிழக்கே போனால் பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். வீடு கட்டும் மேஸ்திரி சதுர அடி கேட்பார். நகைக்கடையில் பவன், ரசீதில் கிராம். ஒரே குடும்பத்துக்கு ஒரே வாரத்தில் இவை எல்லாமே தேவைப்படுகின்றன. எனக்குத் தெரிந்து இந்தத் தலைப்பை எடுத்துத் தோற்றவர்கள் யாரும் கணக்கில் தோற்கவில்லை. யாருக்கு என்று யோசிக்காததில் தோற்றார்கள்.

எனக்கு கோடிங்கே வராதுங்க. எதுல ஆரம்பிக்கட்டும்?

பள்ளிக்கூடப் பிள்ளை என்றால் ஆப் இன்வென்டர். 2010-ல் கூகுள் தொடங்கியது, இப்போது அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் நடத்துகிறது, காசில்லை. பிரவுசரிலேயே கட்டங்களை இழுத்து ஒட்டிச் செய்யலாம். போனில் அதன் கம்பானியன் ஆப்பைப் போட்டுக்கொண்டால், மாற்றியதை உடனே பார்க்கலாம்.

கல்லூரி என்றால் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ மென்பொருளும் கோட்லின் மொழியும், அல்லது ஃப்ளட்டர். உங்கள் கைடுக்கு எது தெரியுமோ அதை எடுங்கள், நடு இரவில் மாட்டிக்கொண்டால் கேட்க ஒரு ஆள் வேண்டும். லேப்டாப்பில் 8 ஜிபிக்குக் குறைவான ரேம் இருந்தால், கம்ப்யூட்டருக்குள்ளேயே போன் மாதிரி ஓடும் எமுலேட்டர் பக்கமே போகாதீர்கள். செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டி, யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, சொந்தப் போனிலேயே ஓட்டுங்கள்.

மொத்தம் எத்தனை யூனிட் போடோணும்?

நீளம், பரப்பு, எடை, வெப்பநிலை. நான்கு வகை, ஒவ்வொன்றிலும் ஐந்தாறு அலகு. போதும். போன வருடம் ஒரு தம்பி இருபத்திரண்டு வகை போட்டிருந்தான், அதில் கதிரியக்கமும் உண்டு. அவன் வீட்டில் யார் கதிரியக்கம் அளக்கிறார்கள் என்று கேட்டேன். மறுநாள் எடுத்துவிட்டான்.

பத்து யூனிட் இருந்தா ஒண்ணுலருந்து இன்னொண்ணுக்குன்னு எத்தனை ஃபார்முலா எழுதறது?

ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியாக எழுதினால் பத்துக்கு ஒன்பது, ஆகத் தொண்ணூறு. புதிதாக ஒரு அலகு சேர்த்தால் இன்னும் இருபது. இப்படி எழுதிய நோட்டுகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் எங்காவது ஒரு இடத்தில் பெருக்கலுக்குப் பதில் வகுத்தல் இருக்கும், அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போகும்.

நடுவில் ஒரு அடிப்படை அலகை வைத்துக்கொள்ளுங்கள். பரப்புக்குச் சதுர மீட்டர், நீளத்துக்கு மீட்டர், எடைக்குக் கிலோகிராம். ஒவ்வொரு அலகுக்கும் பக்கத்தில் ஒரே ஒரு எண்: அது எத்தனை சதுர மீட்டர். கொடுத்த அளவை முதல் அலகின் எண்ணால் பெருக்கினால் சதுர மீட்டர் வரும். அதை இரண்டாவது அலகின் எண்ணால் வகுத்தால் விடை. பத்து அலகுக்குப் பத்து எண்தான். எந்த ஊர்க்காரனும் ரூபாயில் விலை சொல்லித் திரும்ப மாற்றிக்கொள்கிற சந்தை மாதிரி.

ஒரு சென்ட்டுக்கு ஒருத்தர் 40ங்கறார், ஒருத்தர் 40.5ங்கறார், எங்க மாமா 436 சதுர அடிங்கறார். எதைப் போடறது?

1959-ல் ஆங்கில அளவுகளைப் பயன்படுத்திய ஆறு நாடுகள் கூடி ஒரு கெஜம் 0.9144 மீட்டர், ஒரு பவுண்டு 0.45359237 கிலோ என்று முடிவு செய்தன. அதிலிருந்து ஒரு அங்குலம் சரியாக 2.54 சென்டிமீட்டர், ஒரு அடி 0.3048 மீட்டர். ஏக்கர் 43,560 சதுர அடி, சென்ட் அதில் நூறில் ஒன்று, 435.6 சதுர அடி. ஆக ஒரு சென்ட் 40.468564224 சதுர மீட்டர். முழு எண்ணையும் போடுங்கள், போனுக்கு வலிக்காது.

நாற்பது என்று போட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவருக்கு: ஒரு ஏக்கர் 4,046.86 சதுர மீட்டர். நாற்பதால் பெருக்கினால் 4,000. விட்டுப்போன 46.86 சதுர மீட்டர் ஒரு சென்ட்டுக்கும் மேல். மாமாவிடம் ஒரு சென்ட் நிலம் என்ன விலை போகிறது என்று மட்டும் கேளுங்கள், அவரே சம்மதித்துவிடுவார். மாமாவின் 436 வாய்க்கணக்குக்குச் சரி.

பவனுக்கு 8 கிராம் என்றே போடுங்கள். பிரிட்டிஷ் சவரன் நாணயம் உண்மையில் 7.988 கிராம், ஆனால் நம் நகைக்கடைகளில் பவன் என்றால் எட்டுதான்.

கேரளா பத்திரத்துல இருக்கற ஆர் கணக்கைப் போட்டா சென்ட் ஜாஸ்தியா வருதுங்க. ஃபார்முலா தப்பா?

இந்தப் பக்கத்தை எழுத வைத்த கேள்வி இதுதான். ஃபார்முலாவில் தப்பில்லை. ஒரு தங்கை தன் வீட்டுப் பத்திரத்தின் நகலோடு வந்தாள். அதில் "4 ஆர் 5 சதுரமீட்டர்" என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. அவள் ஆப்பில் 4.5 என்று போட்டிருக்கிறாள். விடை 11.12 சென்ட். அப்பா வாங்கியது பத்து சென்ட் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆப் சொன்னதைக் கேட்டு அப்பாவுக்கு ஒரு சாயங்காலம் முழுக்க சந்தோஷம்.

ஒரு ஆர் என்பது நூறு சதுர மீட்டர். 4 ஆர் 5 சதுர மீட்டர் என்றால் 405 சதுர மீட்டர், அதாவது 4.05 ஆர். 40.4686-ஆல் வகுத்தால் 10.01 சென்ட். அவள் போட்ட 4.5 ஆர் என்பது 450 சதுர மீட்டர். நடுவில் காணாமல் போனது ஒரே ஒரு சைபர், மதிப்போ 45 சதுர மீட்டர், ஏறக்குறைய 484 சதுர அடி. ஒரு பெரிய ஹாலும் சமையலறையும் அதில் அடங்கும்.

தீர்வு கோடில் இல்லை, திரையில் இருக்கிறது. ஆர் என்று தேர்ந்தெடுத்தால் ஒரு பெட்டிக்குப் பதில் மூன்று பெட்டி வரட்டும்: ஹெக்டேர், ஆர், சதுர மீட்டர். பத்திரத்தில் இருப்பதை அப்படியே பார்த்துப் போடுவார்கள், கூட்டுவதை ஆப் பார்த்துக்கொள்ளும். தமிழ்நாட்டுப் பட்டாவில் "ஏர்" என்று எழுதியிருப்பதும் இதே ஆர்தான். இரண்டு எழுத்தையும் சேர்த்தே பெயர் வையுங்கள். வெறும் "ஏர்" என்று போட்டால் ஏக்கர் என்று நினைத்துத் தொடுகிறவர்கள் உண்டு, இரண்டுக்கும் நாற்பது மடங்கு வித்தியாசம்.

உயரத்தை 5.6னு போட்டா 170 செ.மீ. வருது, ஆனா ஆஸ்பத்திரில 168தான் சொன்னாங்க?

மேலே சொன்ன அதே நோய். ஐந்தடி ஆறங்குலம் என்பது 5.5 அடி. அங்குலம் பன்னிரண்டு சேர்ந்தால்தான் ஒரு அடி. அடிக்கும் அங்குலத்துக்கும் தனிப் பெட்டி வையுங்கள்.

எல்லாம் சரியா வருது, டெம்பரேச்சர் மட்டும் கிறுக்குப் பிடிச்ச மாதிரி வருதுங்களே?

மற்ற அலகுகளுக்கெல்லாம் சைபர் என்றால் ஒன்றுமில்லை. சைபர் கிலோவும் சைபர் பவுண்டும் ஒன்று. வெப்பநிலையில் அப்படியில்லை. தண்ணீர் உறையும் இடம் செல்சியஸில் 0, ஃபாரன்ஹீட்டில் 32. தொடங்கும் இடமே வேறு என்பதால் பெருக்கினால் மட்டும் போதாது. ஃபாரன்ஹீட்டிலிருந்து 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுக்க வேண்டும். 98.6 போட்டால் 37 வர வேண்டும்.

கோடில் இதற்காக ஒரு தனி விதிவிலக்கு எழுதுவதைவிட, ஒவ்வொரு அலகுக்கும் பெருக்கும் எண்ணோடு கூட்டும் எண் ஒன்றையும் சேர்த்து வையுங்கள். மற்றவற்றுக்கெல்லாம் அது சைபர். இப்படிச் செய்திருந்தால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தானாகவே ஒரு நல்ல கேள்வி உங்கள் பக்கம் விழும்.

ஒண்ணுமே போடாம பட்டனை அழுத்தினா ஆப் டபக்குனு மூடிக்குது!

காலிப் பெட்டியை எண்ணாக மாற்றச் சொன்னால் கோட்லின் பிழையை வீசும், அதைப் பிடிக்க ஆளில்லாமல் ஆப் செத்துவிடும். "டூ டபுள்" என்பதற்குப் பதில் "டூ டபுள் ஆர் நல்" (toDoubleOrNull) பயன்படுத்துங்கள், மாற்ற முடியாவிட்டால் வெறுமையைத் திருப்பித் தரும். அப்போது "அளவை எழுதுங்கள்" என்று ஒரு வரி காட்டினால் போதும். ஆப் இன்வென்டரில் எண்ணா என்று சோதிக்கும் கட்டம் ஒன்று உண்டு.

வெறும் புள்ளியை மட்டும் தட்டினால், 1,250 என்று கமாவோடு போட்டால், வெப்பநிலையில் மைனஸ் போட்டால் என்ன ஆகிறது என்றும் பாருங்கள். எண்கள் மட்டும் என்று கீபோர்டை அடைத்துவிட்டு மைனஸை மறந்துவிடுவார்கள். மூணாறில் குளிர்காலத்தில் சைபருக்குக் கீழே போவது உண்டு. மாறாக நிலத்தின் பரப்பில் மைனஸ் வரக்கூடாது.

விடைல 0.30000000000000004னு வாலு வருதுங்க. வைரஸா?

வைரஸ் இல்லை. 0.1, 0.2 போன்ற பின்னங்களைக் கம்ப்யூட்டர் பயன்படுத்தும் இரும எண்ணில் (0, 1 மட்டும் உள்ளது) முடிவாக எழுத முடியாது, நம் எண்ணில் மூன்றில் ஒன்றை 0.333 என்று எழுதி முடிக்க முடியாததைப் போல. இரண்டையும் கூட்டினால் அந்த வால் வெளியே தெரியும்.

கணக்கை முழு நீளத்தில் போட்டு, திரையில் காட்டும்போது மட்டும் சுருக்குங்கள். நடுவிலேயே சுருக்கினால் சென்ட்டுக்கு நாற்பது போட்ட கதைதான். எத்தனை இலக்கம் என்பது பொருளைப் பொறுத்தது: சென்ட்டுக்கு இரண்டு, தங்கத்துக்கு மூன்று, காய்ச்சலுக்கு ஒன்று. பெரிய எண்களுக்கு 1,00,000 என்று நம் வழக்கப்படி கமா வரட்டும், 100,000 என்று வந்தால் தாத்தா லட்சமா பத்தாயிரமா என்று விரல் விட்டு எண்ணுவார்.

படி, பறை, இடங்கழி, வள்ளம் எல்லாம் போடலாமுங்களா? அதுதானே நம்மூரு ஸ்பெஷல்?

ஆசைப்படுவது நியாயம். ஆனால் இங்கேதான் நிதானம் வேண்டும். பத்து இடங்கழி ஒரு பறை, நான்கு நாழி ஒரு இடங்கழி. இந்த உள்கணக்கு பரவலாக வழங்குவது, தாராளமாகப் போடலாம். அதை லிட்டராக்கும்போதுதான் சிக்கல். எங்கள் ஊர் இருக்கும் சித்தூர் பகுதி கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்தது, பக்கத்துப் பாலக்காடு பிரிட்டிஷ் மலபாரில், கோயமுத்தூர் சென்னை மாகாணத்தின் இன்னொரு ஜில்லாவில். படியும் பறையும் இடத்துக்கு இடம் மாறின. மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-ல் வந்தது, அதே வருடம்தான் மாநிலங்களும் பிரிந்தன. தாத்தா சொல்லும் பறை எந்த ஊர்ப் பறை என்று தெரியாமல் ஒரே எண்ணைப் போட்டால், ஆப் தெரிந்த மாதிரி பொய் சொல்லும்.

எங்கள் பக்கம் வயலையே பறையில் சொல்லும் வழக்கம் உண்டு, ஒரு பறை விதை விழும் நிலம் என்று கணக்கு. அதைச் சென்ட்டாக்கப் போகாதீர்கள். தக்காளிப் பெட்டியும் அப்படித்தான், மண்டிக்கு மண்டி பெட்டி மாறும், தேங்காயும் எண்ணிக்கையிலிருந்து கிலோவுக்குத் தாவாது. இவற்றுக்கு ஒரு வழி இருக்கிறது: "என் படி" என்று ஒரு அலகு வைத்து, எத்தனை மில்லிலிட்டர் என்று பயன்படுத்துகிறவரே ஒருமுறை நிரப்பிக்கொள்ளட்டும். பாட்டி வீட்டுப் படியில் தண்ணீர் ஊற்றி அளக்க ஐந்து நிமிடம் ஆகும். இதைச் செய்த ஒரு பிள்ளை அந்தப் பித்தளைப் படியையே தூக்கிக்கொண்டு வைவாவுக்குப் போனது.

எங்கப்பா எண்ணெய் வியாபாரம். லிட்டரைக் கிலோ ஆக்கற மாதிரி வெக்கச் சொல்றாரு. வெக்கலாமா?

லிட்டர் கன அளவு, கிலோ எடை. நடுவில் அடர்த்தி என்று ஒன்று வேண்டும், அது பொருளுக்குப் பொருள் வேறு. தேங்காய் எண்ணெய் லிட்டருக்குச் சுமார் 0.92 கிலோ, பால் 1.03. பதினைந்து கிலோ டின் எண்ணெய் ஏறக்குறைய 16.3 லிட்டர். ஆகவே வைக்கலாம், முதலில் பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டு. பொருள் கேட்காமல் லிட்டரைக் கிலோவாக்கும் ஆப்பை நம்பாதீர்கள், அது எல்லாவற்றையும் தண்ணீர் என்று நினைத்துக்கொள்கிறது.

இந்த அடர்த்தி எண் தப்பானதால் ஒரு விமானமே நடுவழியில் இறங்கியிருக்கிறது. 1983 ஜூலையில் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்றுக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவைப்பட்டது. கனடா அப்போதுதான் மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்தது. லிட்டருக்கு 0.8 கிலோ என்று கணக்குப் போட வேண்டிய இடத்தில் 1.77 என்று போட்டார்கள். அது லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்ற எண். ஆக 22,300 பவுண்டோடு, பாதிக்கும் குறைவான எரிபொருளோடு, விமானம் கிளம்பியது. நடுவானில் இரண்டு இன்ஜினும் நின்றன. கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானத்தளத்தில் விமானிகள் அதைச் சறுக்கியே இறக்கினார்கள், எல்லாரும் பிழைத்தார்கள். அலகுக் குழப்பத்தால் செவ்வாய்க்குப் போன கலம் தொலைந்த கதையை எல்லாப் பிள்ளைகளும் ஸ்லைடில் போடுகிறார்கள், எக்ஸ்டர்னல்களுக்கு (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்களுக்கு) அது சலித்துவிட்டது. இதைச் சொல்லிப் பாருங்கள்.

பைக் மைலேஜ்ல லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்ங்கறதை 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்னு மாத்தணும். பெருக்கினா வரலையே?

வராது. இது தலைகீழ் உறவு. லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடும் வண்டி நூறு கிலோமீட்டருக்கு 5 லிட்டர் குடிக்கும், 40 ஓடும் வண்டி 2.5. நூறை அந்த எண்ணால் வகுக்க வேண்டும். வெப்பநிலைக்குச் சொன்ன பெருக்கல்-கூட்டல் ஏற்பாட்டிலும் இது அடங்காது, தனி வழி எழுதித்தான் ஆக வேண்டும். சைபர் போட்டால் என்ன ஆகும் என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

ஸ்கிரீன் எப்படி வெக்கறது? நான் கலர் கலரா போட்டுட்டேன்.

மாற்று என்ற பட்டனே தேவையில்லை, எண்ணைத் தட்டத் தட்ட விடை மாறட்டும். இரண்டு அலகையும் இடம் மாற்ற ஒரு அம்புக்குறி. விடை எழுத்து பெரிதாக, கண்ணாடி போடாமல் படிக்கிற அளவுக்கு. கலர் இரண்டு போதும்.

போனைச் சாய்த்துப் பாருங்கள். சாய்த்தால் ஆண்ட்ராய்டு அந்தத் திரையை அழித்துத் திரும்பக் கட்டும், வந்த விடை காணாமல் போகும். திரை அழிந்தாலும் தகவலைப் பிடித்து வைக்கும் வியூ மாடலில் வைத்தால் நிலைக்கும். இதைப் பார்க்காமல் போய், டெமோவில் எக்ஸ்டர்னல் போனை வாங்கிச் சாய்த்த கணத்தில் முகம் வெளுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தமிழ்லயா, மலையாளத்துலயா, இங்கிலீஷ்லயா?

மூன்றிலும். பார்க்கத்தான் பயமாக இருக்கும். திரையில் வரும் சொற்களை எல்லாம் கோடுக்குள் எழுதாமல் தனிக் கோப்பில் வைத்தால், தமிழுக்கு ஒன்று மலையாளத்துக்கு ஒன்று என்று பிரதி எடுத்து மொழிபெயர்த்தால் முடிந்தது. போனின் மொழியைப் பார்த்து ஆண்ட்ராய்டே எடுத்துக்கொள்ளும்.

ஆனால் எங்கள் பக்கம் பல பேர் போனை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு தமிழ் பேசி மலையாளப் பத்திரம் படிக்கிறார்கள். அதனால் மொழி மாற்றும் பொத்தானை ஆப்புக்குள்ளேயே வையுங்கள். மலையாளத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டித் திருத்துங்கள், மொழிபெயர்ப்பு மென்பொருளை நம்பி ஒருத்தன் ஆரை ஆறு என்ற எண்ணாக்கி வைத்திருந்தான்.

சரியா வேலை செய்யுதான்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது?

விடை முன்பே தெரிந்த கேள்விகளைப் போடுங்கள். ஒரு ஏக்கர் நூறு சென்ட் வர வேண்டும். மைனஸ் 40 செல்சியஸ், ஃபாரன்ஹீட்டிலும் மைனஸ் 40. 20 சென்ட் 8 ஆர் 9.37 சதுர மீட்டர். பிறகு போய் வருதல்: 7 சென்ட்டைச் சதுர அடியாக்கி, அந்த விடையைத் திரும்பச் சென்ட்டாக்கினால் 7 வர வேண்டும். இந்தச் சோதனைகளை ஒரு அட்டவணையாக ரெக்கார்டு நோட்டில் எழுதுங்கள், மார்க் அதற்கும் உண்டு.

அப்புறம், போனை வீட்டில் பெரியவர் ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். எங்கே விரல் தயங்குகிறதோ அங்கே திரையை மாற்றுங்கள்.

டெமோ அன்னிக்கு என்ன பேசறதுனே தெரியலீங்க. எத்தனை ஸ்லைடு போடட்டும்?

பத்து நிமிடம் கொடுத்தால் ஐந்து ஸ்லைடு. பெயர் விவரம் ஒன்று, யாருக்காக என்பது ஒன்று, அடிப்படை அலகு எப்படி வேலை செய்கிறது என்ற படம் ஒன்று, சோதனை அட்டவணை ஒன்று, செய்யாமல் விட்டவை ஒன்று. "ஆண்ட்ராய்டு என்றால் என்ன" என்று தொடங்காதீர்கள், எதிரே உட்கார்ந்திருப்பவர் அதைத்தான் பாடமாக எடுக்கிறார்.

ஒரு கல்லூரிக்கு என் மாணவன் ஒருவனோடு நானும் போயிருந்தேன். நன்றாகச் செய்திருந்தான். பொருளடக்கத்தில் ஆரம்பித்து முன்னுரை, நோக்கம், வரலாறு என்று பதினொரு ஸ்லைடு ஓடியது. போனைப் புரொஜெக்டரில் காட்டப் போகும்போது வைஃபை கிடைக்கவில்லை. கேபிள் கொண்டு வரவில்லை. "ஆப் எங்கப்பா?" என்று கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது. அந்த ஆப்பை அந்த அறையில் யாரும் பார்க்கவேயில்லை.

அடுத்த வருடம் பத்திரத் தங்கை போனாள். வணக்கம் சொன்னதும் நகலை உயர்த்திக் காட்டி, "இதுல 4 ஆர் 5 சதுர மீட்டர்னு இருக்கு, இது எத்தனை சென்ட்னு சொல்லுங்க சார்" என்று கேட்டாள். மேசையில் மூன்று பேர், மூன்று விடை. ஒருவர் சொன்னது 11. பிறகுதான் போனை எடுத்தாள். நீங்களும் அப்படி ஒரு காகிதத்தோடு தொடங்குங்கள், அதில் பெயரையும் சர்வே எண்ணையும் மட்டும் மறைத்துவிடுங்கள். கேபிள், முழு சார்ஜ், ஏரோப்ளேன் மோடு. ஆப்பை ஓட்டிக் காட்டும் ஒரு நிமிட வீடியோவும் லேப்டாப்பில் இருக்கட்டும்.

எக்ஸ்டர்னல் என்னதான் கேப்பாங்க?

ஏன் அடிப்படை அலகு, வெப்பநிலை ஏன் தனி, தசம எண் வகைகளில் டபுள் ஏன் ஃப்ளோட் ஏன் இல்லை, காலிப் பெட்டி, அடுத்து என்ன சேர்ப்பாய். பெரும்பாலானவற்றுக்கு மேலே பதில் இருக்கிறது. ரூபாயை திர்ஹாமாக்க முடியுமா என்றும் கட்டாயம் கேட்பார்கள், வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு இங்கே இல்லை. நாணய மதிப்பு தினமும் மாறும், அதற்கு இன்டர்நெட் வேண்டும், என் ஆப் நெட் இல்லாமல் வேலை செய்ய வேண்டும் என்பதால் சேர்க்கவில்லை என்று சொல்லுங்கள். சேர்க்காததற்குக் காரணம் வைத்திருப்பவனை யாரும் மடக்குவதில்லை.

ஏஐ கிட்ட கேட்டு கோடு வாங்கிட்டேன். பரவாயில்லீங்களா?

எந்த வரியைத் தொட்டுக் கேட்டாலும் விளக்க முடிந்தால் பரவாயில்லை. மாற்று எண்களை மட்டும் நீங்களே ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546. எது வந்திருக்கிறது என்று பார்க்காமலே பலர் ஒட்டிவிடுகிறார்கள்.

பிளே ஸ்டோர்ல போட்டா எல்லாரும் டவுன்லோட் பண்ணலாமே?

போடலாம். பதிவுக் கட்டணம் ஒரே தடவை 25 டாலர். ஆனால் 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகே பொதுவில் வெளியிட முடியும். சமர்ப்பிக்கும் தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது இதை ஆரம்பிக்காதீர்கள். தனியுரிமைக் கொள்கைக்கு ஒரு இணைப்பும் தர வேண்டும், நீங்கள் எந்தத் தகவலும் எடுக்காவிட்டாலும். கையொப்பச் சாவிக் கோப்பை இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்க்குக்கு மட்டும் என்றால், பிளே ஸ்டோர் இல்லாமலே ஆப்பைப் போட உதவும் ஏபிகே கோப்பை எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புங்கள். தெரியாத இடத்திலிருந்து வரும் ஆப் என்று போன் எச்சரிக்கும். பயந்து அழிக்கிறவர்களுக்கு நேரில் போய்ப் போட்டுக் கொடுங்கள். கூடவே யாருக்கும் ஏபிகே வந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள் என்றும் சொல்லிவிட்டு வாருங்கள், அப்படிப் போட்டு வங்கிக் கணக்கைப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

ஆப்ல 10.01 சென்ட் வருது, சர்வேயர் அளந்தா 9.8ங்கறார். யாரு சொல்றது சரி?

ஆப் காகிதத்தில் இருக்கும் எண்ணை மாற்றிச் சொல்கிறது. சர்வேயர் நிலத்தை அளக்கிறார். இரண்டும் வேறு வேலை. 4 ஆர் 5 சதுர மீட்டர் என்று எழுதியிருந்தால் அது 10.01 சென்ட்தான், அதில் சண்டைக்கு இடமில்லை. வேலி பக்கத்துத் தோட்டத்துக்காரர் பக்கம் சாய்ந்திருக்கிறதா, வாங்கும்போதே குறைவாக இருந்ததா என்பதெல்லாம் ஆப்புக்குத் தெரியாது. "பத்திர எண்ணை மாற்ற மட்டும், நில அளவைக்கு அல்ல" என்று விடைக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி போட்டுவையுங்கள். தங்கையின் அப்பா அதையும் படித்துவிட்டுத்தான் சர்வேயரைக் கூப்பிட்டார்.